சாவி கேட்காத கதவு

தமிழ்நாட்டின் திருமண மண்டபங்களிலும் ஜவுளிக்கடைகளிலும் திரையரங்குகளிலும் 'அவசர வழி' என்று எழுதிய பச்சைப் பலகை இன்று சாதாரணமாகத் தென்படுகிறது. பலகைக்குக் கீழே இருக்கும் கதவு திறக்குமா என்பதுதான் கேள்வி. பல இடங்களில் அந்தக் கதவின் உட்புறத்தில் கொண்டி இருக்கும், கொண்டியில் பூட்டு தொங்கும், சாவியோ மேலாளரின் மேசை இழுப்பறையிலோ காவலாளியின் இடுப்பிலோ இருக்கும். காரணம் கேட்டால் திருட்டுப் பயம் என்பார்கள். அவசரம் என்றால் உடனே திறந்துவிடுவோம் என்பார்கள். இந்தப் பதிலில் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. ஆனால் புகை சூழ்ந்த கூடத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் ஓடும்போது, ஒரு மனிதர் தன் இடத்தில் இருப்பார், அவரிடம் சரியான சாவி இருக்கும், கூட்டத்தை எதிர்த்து நடந்து அவர் கதவை அடைந்துவிடுவார் என்ற மூன்று நம்பிக்கைகளும் ஒருசேரப் பலித்தால்தான் அந்தப் பதில் பலிக்கும். ஆள் வந்து திறக்க வேண்டிய கதவு அவசர வழி ஆகாது. கூட்டம் கூடும் ஒவ்வொரு கட்டடத்திலும் அவசரக் கதவுக்குப் 'பேனிக் பார்' எனப்படும் தள்ளுகம்பி கட்டாயமாக வேண்டும். அந்தக் கதவில் வேறு பூட்டோ சங்கிலியோ இருப்பதையே குற்றமாகக் கருத வேண்டும்.

தள்ளுகம்பியில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. கதவின் உட்பக்கத்தில், ஏறக்குறைய இடுப்பு உயரத்தில், கதவின் அகலத்தில் பாதிக்குக் குறையாத நீளத்துக்கு ஒரு கம்பியோ பட்டையோ குறுக்காகப் பொருத்தப்பட்டிருக்கும். அதை அழுத்தினால் தாழ் உள்வாங்கிக்கொள்ளும். கதவு வெளிப்புறமாகத் திறக்கும். தாழ் விடுபட 67 நியூட்டன் விசைக்கு மேல், அதாவது சுமார் 7 கிலோ பாரத்தின் அழுத்தத்துக்கு மேல் தேவைப்படக் கூடாது என்பது அமெரிக்கத் தர விதி. இடுப்பில் குழந்தையோடு வரும் தாய் முழங்கையால் தள்ளலாம். முதியவர் உடம்பைச் சாய்த்தால் போதும். புகையில் கண் தெரியாதவருக்கும் கதவைத் தடவினால் கம்பி அகப்படும். உட்புறமாகத் திறக்கும் சாதாரணக் கதவைக் கூட்டத்தின் நெருக்குதலே இறுக மூடி வைத்துவிடுகிறது. முன்னால் நிற்பவர் ஓரடி பின்வாங்க முடிந்தால்தான் அது திறக்கும். தள்ளுகம்பிக் கதவையோ அதே நெருக்குதல் திறந்துவிடுகிறது. இன்னொரு பக்கம், வெளிப்புறத்தில் கைப்பிடியே வைக்காமல் விட்டுவிடலாம். தெருவிலிருந்து வருபவருக்கு அது பூட்டிய கதவு, உள்ளே இருப்பவருக்கு எப்போதும் திறந்த கதவு. பாதுகாவலா, உயிரா என்று ஏதோ ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்பதுபோல் நம் கட்டட உரிமையாளர்கள் பேசுவதற்கு இதற்குப் பிறகு இடமில்லை. அந்தச் சிக்கலை அவிழ்ப்பதற்காகவே செய்யப்பட்ட கருவி இது. வயது நூற்றாண்டைத் தாண்டிவிட்டது.

அது பிறந்த கதையைப் பார்த்தால், கதவுகளைப் பூட்டியவர்கள் எல்லோரும் நியாயமான காரணத்துக்காகவே பூட்டினார்கள் என்பது தெரியும். இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரில், விக்டோரியா ஹாலில், 1883 ஜூன் 16 அன்று குழந்தைகளுக்கான நிகழ்ச்சி ஒன்று நடந்தது. முடிவில் கீழே பரிசு கொடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் மாடத்தில் இருந்த பிள்ளைகள் படிக்கட்டில் இறங்கி ஓடினார்கள். படிக்கட்டின் அடியில் இருந்த கதவு உட்புறமாகத் திறப்பது. ஒரு பிள்ளை மட்டும் நுழையும் இடைவெளி விட்டுத் தாழிடப்பட்டிருந்தது. சீட்டைச் சரிபார்க்கும் வசதிக்காக அப்படிச் செய்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. 183 பிள்ளைகள் நசுங்கி இறந்தார்கள். அங்கே தீயும் இல்லை, புகையும் இல்லை. கதவு ஒன்றுதான் இருந்தது. அந்தத் துயரத்தின் தொடர்ச்சியாக, ராபர்ட் அலெக்சாண்டர் பிரிக்ஸ் என்பவர் தள்ளினால் விடுபடும் தாழுக்கு 1892-இல் பிரிட்டனில் காப்புரிமை பெற்றார். சிகாகோவின் இரோக்வாய் திரையரங்கம் 1903 டிசம்பர் 30 அன்று எரிந்தபோது 602 பேர் மாண்டார்கள். திறந்து இரண்டு மாதம்கூட ஆகாத புத்தம்புது அரங்கம் அது. மலிவுச் சீட்டு வாங்கியவர்கள் விலை கூடிய இருக்கைகளுக்கு வந்துவிடக் கூடாது என்று உள்வாயில்கள் பூட்டப்பட்டிருந்தன. பூட்டாத கதவுகள் சிலவற்றில் பார்வையாளர்களுக்குப் பழக்கமில்லாத தாழ்கள் இருந்தன. அன்று அந்தக் காட்சிக்குப் போகவிருந்து, தொழில் வேலையால் போகாமல் தப்பியவர் இண்டியானாபொலிஸ் ஹார்டுவேர் வணிகத்தில் இருந்த கார்ல் பிரின்ஸ்லர். அவரும் கட்டடக்கலைஞர் ஹென்றி டியூபான்ட்டும் வானகட் ஹார்டுவேர் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய 'வான் டியூப்ரின்' தள்ளுகம்பி 1908-இல் விற்பனைக்கு வந்தது.

கருவி கடைக்கு வந்த மூன்றாம் ஆண்டில், 1911 மார்ச் 25 அன்று, நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. ஒன்பதாம் தளத்தில் ஒரு படிக்கட்டுக்குப் போகும் கதவு பூட்டியிருந்தது. தொழிலாளிகள் அனைவரும் ஒரே வாசல் வழியாகப் போனால்தான் துணி திருடுகிறார்களா என்று கைப்பையைத் திறந்து பார்க்க முடியும் என்பது நிர்வாகத்தின் ஏற்பாடு. சாவி வைத்திருந்த மேற்பார்வையாளர் வேறு வழியாக முன்பே தப்பிவிட்டார். 146 பேர் இறந்தார்கள்; பெரும்பாலோர் இளம்பெண்கள். ஓரிடத்தில் சீட்டு, ஓரிடத்தில் இருக்கை விலை, ஓரிடத்தில் திருட்டு. எந்தக் காரணமும் கொலைகார நோக்கத்தில் பிறக்கவில்லை. சாதாரண நாளின் வசதிக்காகப் பூட்டப்பட்டவை அவை. அசாதாரண நாள் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை என்பதால், சாதாரண நாளின் ஏற்பாடே அன்றைக்கும் நடைமுறையில் இருந்தது.

நம் நாட்டுக் கணக்கும் வேறுவிதமாக இல்லை. டெல்லியின் உபஹார் திரையரங்கில் 1997 ஜூன் 13 அன்று தரைத்தள வாகன நிறுத்தத்தில் இருந்த மின்மாற்றி தீப்பிடித்தது. பால்கனியில் இருந்தவர்களைக் கொன்றது தீ அல்ல, புகை. கூடுதல் இருக்கைகள் போட்டதில் ஒரு பக்கத்து வழி அடைபட்டிருந்தது, கதவு தாழிடப்பட்டிருந்தது, அங்கே இருக்க வேண்டிய வாயில் ஊழியர் இல்லை. 59 பேர் இறந்தார்கள். அந்த ஒரு ஊழியர் தன் இடத்தில் இருந்திருந்தால் என்று யோசிப்பதைவிட, அந்தக் கதவுக்கு ஊழியரே தேவைப்படாமல் இருந்திருந்தால் என்று யோசிப்பதே பயனுள்ளது. தமிழ்நாட்டில் 2004-ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க முடியாது. ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கம் திருமண மண்டபத்தில் மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டோர், ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் தீக்கு இரையானார்கள். இரண்டு இடத்திலும் மேலே எரியக்கூடிய கீற்று, கீழே இறங்கக் குறுகிய வழி. அந்த ஆண்டுக்குப் பிறகு பள்ளிகளின் கீற்றுக் கொட்டகைகள் அகற்றப்பட்டன. அது பெரிய மாற்றம், பாராட்ட வேண்டியதும்கூட. ஆனால் கூரையைப் பற்றிக் கற்ற அளவுக்கு வெளியேறும் வழியைப் பற்றி நாம் கற்கவில்லை. கீற்று போய் கான்கிரீட் வந்துவிட்டது. கூடவே செயற்கைத் திரைச்சீலைகளும் தெர்மோகோல் அலங்காரமும் ஏ.சி. வசதிக்காக அடைத்த கண்ணாடிச் சன்னல்களும் வந்திருக்கின்றன. முன்பு நாலாபுறமும் திறந்திருந்த கூடம் இன்று மூடிய பெட்டியாகிவிட்டதால், கதவின் பொறுப்பு கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

இந்தப் பொறுப்பு எல்லாக் கட்டடத்துக்கும் ஒரே அளவில் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். ஐரோப்பியத் தர விதிகள் இதில் ஒரு தெளிவான கோடு போடுகின்றன. தினமும் வந்துபோய்க் கதவுகளைப் பழகியவர்கள் மட்டும் இருக்கும் அலுவலகம் போன்ற இடங்களுக்கு, அழுத்தும் கைப்பிடியே போதும் என்பது ஒரு தரம். கட்டடத்தையே அறியாத பொதுமக்கள் திரளும் இடங்களுக்குக் குறுக்குக் கம்பிதான் வேண்டும் என்பது இன்னொரு தரம். அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் சர்வதேசக் கட்டட விதி, மக்கள் கூடும் அரங்குகளிலும் கல்விக்கூடங்களிலும் 50 பேரோ அதற்கு மேலோ கொள்ளும் இடமென்றால், தாழோ பூட்டோ உள்ள வெளியேறும் கதவில் தள்ளுகம்பி இருந்தே ஆக வேண்டும் என்கிறது. நம் ஊர்க் கல்யாணத்தில் முகூர்த்த நேரத்துக்கு 50 பேர் என்பது மேளக்காரர்களையும் சமையல் ஆட்களையும் எண்ணினாலே பாதி நிறைந்துவிடும் கணக்கு. வந்திருக்கும் உறவினர்களில் பெரும்பாலோருக்கு அந்த மண்டபம் முன்பின் தெரியாத இடம். ஆபத்து வந்தால் மனிதர்கள் உள்ளே வந்த வழியாகவே வெளியேற முயல்வார்கள் என்பதைத் தீ விபத்து ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அந்த இயல்பை மீறித் தெரியாத ஒரு கதவை நோக்கி ஒருவர் ஓடிவருவதே அரிது. அப்படி வந்தவர் முதல் தொடுதலிலேயே வெளியே போய்விட வேண்டும். கதவு திறக்கவில்லை என்றால் அவர் திரும்புவார். திரும்பினால் பின்னால் வருபவர்களோடு மோதுவார்.

சட்டம் இதைச் சொல்லவில்லையா என்றால், சொல்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் இயற்றப்பட்டபோதே அதன் 38-ஆம் பிரிவில், அறைக்குள் ஆள் இருக்கும்வரை வெளியேறும் கதவை உள்ளிருந்து எளிதில் உடனடியாகத் திறக்க முடியாதபடி பூட்டக் கூடாது என்றும், நகரும் வகைக் கதவு தவிர மற்றவை வெளிப்புறமாகவே திறக்க வேண்டும் என்றும் எழுதப்பட்டிருந்தது. 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பும் வெளியேறும் கதவைச் சாவி இல்லாமல் திறக்க முடிய வேண்டும் என்கிறது. கொள்கை அளவில் குறை இல்லை. குறை இருப்பது வேறிடத்தில். தேசிய விதித்தொகுப்பு ஒரு வழிகாட்டி ஆவணம். மாநில விதிகளும் உள்ளாட்சி அனுமதிகளும் அதை எடுத்தாண்டால்தான் அதற்குப் பல் முளைக்கும். அனுமதி கொடுக்கும் நேரத்தில் வரைபடத்தில் கதவு இருக்கிறதா என்று பார்க்கப்படுகிறது. பயன்பாட்டுக்கு வந்த பிறகு அந்தக் கதவில் என்ன தொங்குகிறது என்பதைப் பார்ப்பதுதான் அரிதாக இருக்கிறது. 'பூட்டக் கூடாது' என்ற கட்டளையை மனிதர்கள் தினம் தினம் நினைவில் வைத்துக் கடைப்பிடிக்க வேண்டியிருக்கிறது. பூட்டவே தேவையில்லாத கருவியைப் பொருத்தச் சொன்னால், கட்டளையைக் கதவே கடைப்பிடித்துக்கொள்ளும்.

எதிர்வாதங்களில் வலுவானது திருட்டு. பண்டிகைக் காலத்தில் தி.நகரிலோ மதுரை விளக்குத்தூண் பகுதியிலோ ஜவுளிக்கடை நடத்துபவருக்கு இந்தப் பயம் கற்பனை அல்ல. பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு பட்டுப்புடவையோடு ஒருவர் நழுவிவிடலாம். திரையரங்கில் உள்ளே இருப்பவர் கதவைத் திறந்து சீட்டில்லாத நண்பர்களை ஏற்றிக்கொள்ளலாம். இதற்கு விடை பூட்டு அல்ல, ஓசை. தள்ளுகம்பியோடு இணைத்த அலாரம், கதவு திறந்த கணத்தில் அலறும். பேட்டரியில் இயங்கும் இத்தகைய கம்பிகள் சந்தையில் இருக்கின்றன. கதவை நோக்கி ஒரு கேமராவும் வைத்துவிட்டால் திருடுபவர் தேர்ந்தெடுக்கும் கடைசி வழி அதுவாகத்தான் இருக்கும். இன்னும் வேண்டுமென்றால், கம்பியை அழுத்திய பின் 15 விநாடி கழித்தே கதவு விடுபடும் ஏற்பாடும் உண்டு. தீ எச்சரிக்கை ஒலித்தாலோ மின்சாரம் போனாலோ அந்தத் தாமதம் தானாக நீங்கிவிட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. சில வகைக் கடைகளுக்கு அமெரிக்க விதிகள் இதை அனுமதிக்கின்றன, அரங்குகளுக்கு அனுமதிப்பதில்லை. அதாவது திருட்டைத் தடுக்கப் பல வழிகள் இருக்கின்றன, பூட்டு அவற்றில் ஒன்றுதான். வெளியேறுவதற்கோ அந்தக் கதவை விட்டால் வேறு வழி இல்லை. இப்படி இரண்டு தேவைகள் மோதும்போது, மாற்று வழி உள்ள தேவைதான் விட்டுக்கொடுக்க வேண்டும்.

அடுத்தது செலவு. தள்ளுகம்பியின் விலை தரத்தைப் பொறுத்துச் சில ஆயிரம் ரூபாயில் தொடங்குகிறது. ஒரு முகூர்த்த நாளில் மேடை அலங்காரத்துக்கு ஆகும் தொகையை நினைத்தால் இதைச் சுமை என்று சொல்ல வாய் வராது. உண்மையான செலவு வேறு இடத்தில் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய கட்டடங்களில் கதவு உட்புறமாகத் திறக்கும். நிலையை மாற்ற வேண்டும். சில இடங்களில் கதவே இல்லை, ஷட்டரும் மடக்குக் கேட்டும்தான். சிறு மண்டப உரிமையாளர்களுக்கு இது கணிசமான வேலை. ஆகவே படிப்படியாகப் போகலாம். புதிய கட்டடங்களுக்கு உடனடியாக, பழையவற்றுக்கு உரிமம் புதுப்பிக்கும்போது, அதற்குள் முடியாதவர்களுக்கு ஒரு குறைந்தபட்ச நிபந்தனை: ஆள் இருக்கும் நேரம் முழுவதும் ஷட்டரும் கேட்டும் முழுமையாகத் திறந்து, மூட முடியாதபடி நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். இது நடக்கக்கூடியதுதான் என்பதற்குப் பக்கத்திலேயே சான்று உண்டு. டாக்காவின் தஸ்ரீன் ஆடை ஆலையில் 2012 நவம்பரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் தீயில் இறந்தார்கள். மறு ஆண்டு, ஆடை ஆலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்தது. அதன் பிறகு உருவான வங்கதேசத் தீ, கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தம், வெளியேறும் வழிகளில் பூட்டக்கூடிய கதவுகளையும் மடக்குக் கேட்டுகளையும் அகற்றுவதை ஆலைகளின் முதல் வேலைகளில் ஒன்றாக வைத்தது. ஏற்றுமதிக்குத் தைக்கும் நம் திருப்பூர் ஆலைகளிலும் வெளிநாட்டுக் கொள்முதல் நிறுவனங்களின் ஆய்வாளர்கள் அவசரக் கதவைப் பார்க்காமல் போவதில்லை. வெளிநாட்டு வியாபாரி கேட்டால் செய்ய முடிகிற ஒன்றை, உள்ளூர் விருந்தாளிக்காகச் செய்ய முடியாது என்பது பணப் பிரச்சினை அல்ல.

மூன்றாவது எதிர்வாதம் சலிப்பிலிருந்து வருவது: கம்பி பொருத்தினாலும் அதன் மேல் சங்கிலியைச் சுற்றிவிடுவார்களே, பிறகு என்ன பயன்? இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பாஸ்டனின் கோகனட் குரோவ் இரவு விடுதியில் 1942 நவம்பர் 28 அன்று 492 பேர் இறந்தபோது, தள்ளுகம்பி பொருத்திய கதவு ஒன்று கூடுதலாகப் பூட்டப்பட்டு உதவாமல் போயிருந்தது. கராச்சியின் அலி எண்டர்பிரைசஸ் ஆலையில் 2012 செப்டம்பரில் 250-க்கும் மேற்பட்டோர் பூட்டிய கதவுகளுக்கும் கம்பி போட்ட சன்னல்களுக்கும் பின்னால் சிக்கி இறந்தார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலை ஒரு சர்வதேசத் தரச் சான்றிதழ் பெற்றிருந்தது. கருவியும் சான்றிதழும் தானாக உயிர் காப்பதில்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் சங்கிலி ஏன் வருகிறது என்று பார்த்தால், பாதிக் காரணம் மோசமான பொருத்துதல். இரட்டைக் கதவில் மேலும் கீழும் இறங்கும் கம்பித்தாழ் தரையில் உள்ள குழியில் விழ வேண்டும். அந்தக் குழியில் மண்ணும் சிமென்ட்டும் அடைத்துக்கொண்டால் தாழ் விழாது. மழைக்காலத்தில் மரக்கதவு உப்பினால் நிலையோடு பொருந்தாது. கதவு சரியாக மூடவில்லை என்றதும் காவலாளி சங்கிலியை எடுக்கிறார். தீத்தடுப்புக் கதவில் சாதாரணத் தள்ளுகம்பியைப் பொருத்துவது இன்னொரு தவறு. சாதாரண வகையில் கம்பியை அழுத்திய நிலையிலேயே நிறுத்திவைக்கும் வசதி இருக்கும். அப்படி நிறுத்தினால் தாழ் விழாது, புகையைத் தடுக்க வேண்டிய கதவு காற்றின் வேகத்துக்கே திறந்துகொள்ளும். அத்தகைய கதவுக்கு அந்த வசதி இல்லாத தனி வகைக் கம்பியும், தானாக மூடவைக்கும் டோர் குளோசரும் தேவை. பொருத்தத் தெரிந்தவர் பொருத்தி, ஆண்டுதோறும் பராமரித்தால், சங்கிலிக்கான சாக்கு பெருமளவு குறையும்.

மீதிக் காரணம் அலட்சியம். அதற்கு மருந்து ஆய்வும் தண்டனையும்தான். இங்கேதான் தள்ளுகம்பிக்கு இன்னொரு நன்மை இருக்கிறது. கொண்டியும் பூட்டும் உள்ள கதவில், தவறு எது என்று நிரூபிப்பது கடினம். அன்றைக்கு மட்டும் பூட்டியிருந்தோம், சாவி பக்கத்திலேயே இருந்தது, எனக்குத் தெரியாது என்று ஆளுக்கொரு பதில் சொல்லலாம். டிரையாங்கிள் வழக்கில் உரிமையாளர்கள் விடுதலையானதே, கதவு பூட்டியிருந்தது அவர்களுக்குத் தெரியும் என்று நிரூபிக்க முடியாததால்தான். அவர்களில் ஒருவர் 1913-இல் மறுபடியும் தொழிற்சாலைக் கதவைப் பூட்டிவைத்துப் பிடிபட்டபோது கட்டிய அபராதம் 20 டாலர். தள்ளுகம்பிக் கதவில் சங்கிலி தொங்கினால் விளக்கத்துக்கு இடமே இல்லை. பார்த்த கணத்திலேயே அது குற்றம். ஆய்வாளர் மட்டுமல்ல, கல்யாணத்துக்கு வந்த பத்து வயதுச் சிறுவனும் அதைக் கண்டுபிடிக்கலாம்.

ஆகவே அரசு செய்ய வேண்டியவை பெரிய ஆணையங்களும் அறிக்கைகளும் அல்ல. பொதுக் கட்டட உரிமம், திரையரங்கு உரிமம், தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று ஆகிய மூன்றிலும், குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் கூடும் இடமென்றால் வெளிப்புறம் திறக்கும் கதவும் தள்ளுகம்பியும் நிபந்தனையாக எழுதப்பட வேண்டும். கட்டடத்தின் உயரத்தைவிடக் கூடும் ஆட்களின் எண்ணிக்கைக்கே அதில் முதலிடம் வேண்டும். தீயே இல்லாமலும் கூட்டத்தின் நெரிசலிலேயே சாக முடியும் என்பதை சண்டர்லாந்து காட்டிவிட்டது. ஆய்வுக்கு வரும் அதிகாரி ஒவ்வொரு அவசரக் கதவையும் தன் கையால் தள்ளித் திறந்து, வெளியே காலடி வைத்துப் பார்க்க வேண்டும். கதவு திறந்தும் அதற்கப்பால் ஜெனரேட்டரும் நாற்காலி அடுக்கும் நிறுத்திய இருசக்கர வாகனங்களும் வழியை மறித்தால் அந்தக் கதவு இல்லாததற்குச் சமம் என்று எழுத வேண்டும். கட்டடம் திறக்கும் ஒவ்வொரு நாளும் கதவுகளைத் தள்ளிப் பார்த்துக் கையெழுத்திடும் ஒருவரின் பெயர், உரிமத்தோடு சேர்த்து நுழைவாயிலில் ஒட்டப்பட வேண்டும். மண்டபம் பார்க்கப் போகும் குடும்பங்களுக்கும் இதில் பங்கு உண்டு. பந்திக்கு எத்தனை இலை விழும், ஏ.சி. எத்தனை டன், வாகனம் நிறுத்த இடம் உண்டா என்று கேட்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் பச்சைப் பலகைக்குக் கீழே உள்ள கதவைத் தாங்களே ஒருமுறை தள்ளிப் பார்க்கட்டும். திறக்காத மண்டபத்துக்கு முகூர்த்த நாளில் வாடகை கிடைக்காது என்ற நிலை வந்தால், சட்டம் செய்யத் தயங்குவதைச் சந்தையே செய்துவிடும்.